காருக்குப் பரீச்சை வெச்ச டீச்சரு

ஏம்ப்பா, காரு வாங்க வந்தவன் காரைப் பாத்துட்டுப் போகாம, காரு வெச்சிருந்தவ எப்படிப்பட்டவன்னு எங்கிட்ட வந்து விசாரிக்கறே, பொண்ணா பாக்க வந்தே? பொண்டாட்டி புள்ளை இருக்கறவன்தானே நீயி? என்ஜினைப் பாரு, டயரைப் பாரு, அடியில குனிஞ்சு துரு புடிச்சிருக்குதான்னு பாரு. அவ கதை உனக்கெதுக்கு? தெரிஞ்சுக்கிட்டா மைலேஜு கூடக் குடுக்குமா? உக்காரு. அந்த ஸ்டூலு ஆடும், பாத்து உக்காரு. சொல்லாதேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டா வாய் தானாத் தொறக்குது. அது என்ற வியாதி.

பேரைக் கேக்காதே. இந்தத் தேயிலைத் தோட்டமே அவளை டீச்சருன்னுதான் கூப்பிட்டுச்சு, நானும் அப்படித்தான் சொல்லுவேன். கோத்தகிரில ஸ்கூலு. இந்த மேட்டு ஊட்டுல அவளும் அவங்கம்மாளும் இருந்தாங்க. அம்மாளுக்கு இழுப்பு. பேசிட்டே இருக்கறப்ப மூச்சு பாதியில நின்னுரும், மீதிப் பேச்சைக் கையாலதான் பேசுவாங்க. இப்ப அந்தம்மாளும் போயிட்டாங்க, டீச்சரும் கூடலூருப் பக்கம் மாத்தல் வாங்கிட்டுப் போயிட்டா. காரு மட்டும் தார்ப்பாய்க்கு அடியில கெடக்குது, நீ வந்திருக்கறே.

அவளுக்கு ஒரே ஒரு கொணம். வாய்ப்பேச்சை நம்ப மாட்டா. எதா இருந்தாலும் பரீச்சை வெப்பா. கோத்தகிரிச் சந்தையில கொடை வாங்கப் போனா, கடைக்காரன் "ஜெர்மன் கம்பிங்க, புயலுக்கே அசையாதுங்க"ன்னான். அவ கொடைய விரிச்சுட்டுப் போயி, கடைத் தகரத்துல இருந்து தண்ணி ஊத்துற எடத்துல நின்னுட்டா. கடைக்காரனும் பாக்கறான், நானும் பாக்கறேன், ரோட்டுல போற மாடு கூட நின்னு பாக்குது. ஒழுகுச்சு. மடிச்சுக் குடுத்துட்டு அடுத்ததை விரிச்சா. கடையில இருந்த கொடையெல்லாம் நனைஞ்சதுக்கு அப்புறந்தான் ஒண்ணு வாங்குனா.

பக்கத்து ஊட்டுக் கெழவி எனக்கும் வெச்சா. இந்த ஊட்டுக்கு வந்த புதுசுல சாவியக் குடுத்துட்டு, "அம்மிச்சி, பூனைக்குப் பால் ஊத்துங்க"ன்னு போயிட்டா. மேசை மேல முறுக்கு டப்பா தொறந்து கெடக்குது. தொறந்து வெச்ச டப்பாவைப் பாத்துட்டு சும்மா வர்றதுக்கு நான் என்ன சன்யாசியா? தின்னேன். அவ திரும்பி வந்ததும் நானே போயி, "முறுக்குல உப்புக் கம்மிடி"ன்னேன். அன்னையில இருந்து சாவி எங்கிட்டத்தான்.

மாப்பிள்ளைக்கும் வெச்சா, அதையும் கேட்டுக்கோ. கோயமுத்தூர்ல இருந்து ஒருத்தன் பாக்க வந்தான். நல்ல ஒசரம், நல்ல சம்பளம், பல்லு வரிசையா இருந்துச்சு. "அம்மாவைச் சர்ச்சு வரைக்கும் நடத்திக் கூட்டிட்டு வாங்க, நான் பின்னால வர்றேன்"னு சொல்லி அனுப்பிட்டா. பாவம், அவன் பேசிக்கிட்டே முன்னால போயிட்டான். திரும்பிப் பாத்தா அம்மா ரெண்டு வளைவுக்கு அக்கட்டால கைத்தடிய ஊனி, மரத்தைப் புடிச்சுட்டு நிக்கறாங்க. அவ்வளவுதான், காப்பியோட அனுப்பிட்டா. நான் கூடத் திட்டுனேன், "ஏண்டி, மனுசன் நடக்கறதை வெச்சா கல்யாணம் பண்ணுவாங்க?"ன்னு. "வேற எதை வெச்சுப் பண்ணுவாங்க அம்மிச்சி?"ன்னா. என்ற ஊட்டுக்காரரும் முன்னால நடக்கறவருதான்.

காருப் பேச்சு எப்படி வந்துச்சுன்னா, அவளுக்கு ஒரு அண்ணன். கோயமுத்தூர்ல மோட்டார் பம்பு வியாபாரம். கெட்டவன் இல்லை, அதை முதல்லயே சொல்லிடறேன். வாரம் ஒருக்கா அம்மாளைக் குன்னூரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். பஸ்ஸுல நின்னுட்டே போயி, ஒரு மழை நாள்ல அந்தம்மாளுக்கு பஸ்ஸுக்குள்ளயே மூச்சு அடைச்சுப்போச்சு. அண்ணனுக்கு சேதி போயி ஓடி வந்தான். வந்தவன் உக்காரக்கூட இல்லை.

"போதும். ரெண்டு பேரும் கீழ வந்துருங்க. இந்தக் குளுருல அம்மாவை வெச்சுக்கிட்டு நீ என்ன சாதிக்கறே?"

அம்மா கட்டில்ல இருந்து தலைய ஆட்டுனாங்க, மாட்டேன்னு. அவங்க ஊட்டுக்காரர் கல்லறை இங்க சர்ச்சுக்குப் பின்னால. ஒருக்கா கோயமுத்தூர் போயி இருந்துட்டு, "வெயில்ல வத்தலாட்டம் காஞ்சு போயிட்டேன்"னு ஓடியாந்தவங்க அவங்க. இங்கயே சாகணுமுங்கறது அவங்க ஆசை. எங்கிட்ட அதைக் கையாலயே சொல்லியிருக்காங்க. தரையக் காட்டி, நெஞ்சைக் காட்டி.

டீச்சரு சொன்னா, "நான் காரு வாங்கறேன். லைசென்ஸ் இருக்குது."

அண்ணன் சிரிச்சான். "வாங்கு. மழையில, கண்ணு மறைக்கற மிஸ்டுல, அம்மாவை உக்கார வெச்சு நீ ஓட்டறதை நான் கூட உக்காந்து பாக்கறேன். எனக்குத் திருப்தியா இருந்தா இங்கயே இருங்க. இல்லைனா இந்த மாசக் கடைசியில சாமானைக் கட்டிரணும். என்ன, உனக்கு மட்டுந்தான் பரீச்சை வெக்கத் தெரியுமா?"

அவ மொகத்தைப் பாக்கணுமே நீ. சுண்டிப்போச்சு. பரீச்சை வெக்கறவளுக்கே பரீச்சை. அம்மா இங்க இருக்கறதா, கீழ போறதா, எல்லாம் ஒரு காருல வந்து நின்னுச்சு.

அப்புறம் காரு தேடுன கதை. என்னையும் கூட்டிட்டுப் போனா. "எனக்குக் காரைப் பத்தி என்னடி தெரியும்?"ன்னேன். "உங்களுக்கு ஒண்ணும் தெரிய வேண்டாம் அம்மிச்சி. பின்னால உக்காருங்க, போதும். உங்களை வெச்சு ஏத்தம் ஏறிட்டா எதை வெச்சும் ஏறிரும்"னா. மூட்டைக்கு பதிலா என்னை ஏத்தியிருக்கா, பாத்துக்கோ. மூட்டைக்காவது டீ வாங்கித் தரவேண்டியதில்லை.

முதல்ல அண்ணனே ஒண்ணு அனுப்பி வெச்சான். வெள்ளைக் காரு, ஊடாட்டம் பெருசு. கீழ ரோட்டுல ராசாவாட்டம் வந்துச்சு. எங்க தோட்டத்து வளைவுல வந்ததும் முன்னால போகுது, பின்னால வருது, முன்னால போகுது, பொட்டிக்கடைக்குள்ள யானை திரும்பற மாதிரி. கடைசியா அம்மாளைக் கூப்பிட்டு, "ஏறுங்கம்மா"ன்னா. அந்தம்மா காலைத் தூக்குறாங்க, படி இன்னும் மேல இருக்குது. தூக்குறாங்க, இன்னும் மேல இருக்குது. டீச்சரு சாவியத் திருப்பிக் குடுத்துட்டா.

அடுத்தது குன்னூர்ல ஒரு செவப்புக் காரு. தாழ்வா, வழுவழுன்னு. அதுல அவ ஏறி உக்காந்ததும் எனக்கு ஆளே வேறயாட்டம் தெரிஞ்சுச்சு. கோத்தகிரி ரோட்டுல விட்டா பாரு, ஒவ்வொரு வளைவுலயும் என்ற வயிறு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நான் மாரியாத்தாளைக் கூப்பிடறேன், அவ சிரிக்கறா. அவ வாய் விட்டுச் சிரிச்சு நான் பாத்ததே அன்னைக்குத்தான். "ஐயோ அம்மிச்சி, இது பறக்குது!"ங்கறா. பறக்குறது சரி, எறங்கோணுமே? எங்க தோட்டத்து ரோட்டுக்கு வந்ததும் கல்லுல அடி தட்டி "கர்ர்"ருன்னு ஒரு சத்தம். ரெண்டாவது தட்டு. மூணாவது தட்டுல நிறுத்திட்டா. எறங்கி அது மூக்கைத் தடவிக் குடுத்து, "நீ நல்ல புள்ளைதான். எங்கூட்டுக்கு ஆகமாட்டே"ன்னா. கண்ணு கலங்குச்சு, சத்தியமா. மாப்பிள்ளைய அனுப்புனப்ப இவ கண்ணு கலங்கலை.

மூணாவதுதான் இது. நீ பாத்துட்டு வந்தியே, இந்த மஞ்சக் காரு. பாக்க பிஸ்கோத்து டப்பாவாட்டம் இருக்குது. ஓட்டிப் பாத்தா ஆட்டுக்குட்டி. குட்டையா இருந்தாலும் அடி ஒசரம், எந்த வளைவுலயும் ஒரே திருப்புல திரும்புது. அம்மாளும் ஸ்டூலு இல்லாம உக்காந்து எந்திரிக்கறாங்க. டீச்சரு விடுவாளா? செங்குத்தா ஒரு ஏத்தத்துல நடுவுல நிறுத்திட்டு, எங்கையில ஒரு டம்ளர் டீயக் குடுத்தா. "இப்ப மறுபடி எடுக்கறேன் அம்மிச்சி. பின்னால சறுக்காம, சிந்தாம ஏறணும். சிந்துனா இந்தக் காரும் வேண்டாம்."

சிந்தலை. நான் முன்னாடியே பாதியைக் குடிச்சிட்டேனே, எப்படிச் சிந்தும்? எத்தனை காருக்குத்தான் நான் குலுங்கறது!

வாங்குனதுக்கப்புறம் தினமும் ஸ்கூலுக்கு அதுதான். நோட்டுக் கட்டு, அம்மா மருந்து, என்ற கேரட்டு மூட்டை எல்லாம் பின்னால. சில நாள் ஊட்டுக்கு வந்ததும் எறங்காம, காரணமே இல்லாம இன்னொரு சுத்து சுத்திட்டு வருவா. கேட்டா, "சும்மா"ம்பா. அவ வாயில "சும்மா"ங்கற வார்த்தையே அதுக்கு முன்ன கெடையாது.

மாசக் கடைசி வந்துச்சு. அண்ணனும் வந்தான். வந்தவன் காரைச் சுத்திப் பாத்துட்டு, "இதுவா?"ன்னான். அவ்வளவுதான் கேட்டான். அன்னைக்குக் காலையில இருந்தே தூறல். ஆஸ்பத்திரிக்குப் போறப்ப ஒழுங்காத்தான் போனோம். முன்னால இடது பக்கம் அவன், அவனுக்குப் பின்னால அம்மா, டீச்சருக்குப் பின்னால நானு. போற வழியெல்லாம் அவன், "மெதுவா போ. கியரை மாத்து. ஓரமா போகாதே. அங்க பாரு"ன்னுட்டே வந்தான். அவ உதட்டைக் கடிச்சிட்டு ஓட்டுனா.

சாயங்காலம் திரும்பி வர்றப்ப மிஸ்டு எறங்கிருச்சு. மெயின் ரோட்டுல நேரா வந்திருக்கலாம். பஸ்ஸெல்லாம் அதுலதான் போயிட்டிருந்துச்சு. இவ தேயிலை ஃபேக்டரிக்குப் போற சின்ன ரோட்டுல திருப்பிட்டா.

பொழுது சாயற நேரத்துல அந்த ரோட்டுல யாரும் போகமாட்டாங்க. ஃபேக்டரிக்கு மேல, ஏத்தத்துல, ஒத்தக் காட்டெருமை ஒண்ணு தெனமும் அந்நேரத்துக்கு எறங்கி வந்து ரோட்டுல நிக்கும். கூட்டமா இருந்தா பயமில்லை, அது பாட்டுக்குப் போயிரும். ஒத்தைதான் ஆகாது. தோட்டத்துல குழந்தைக்குக் கூடத் தெரியும். "ஏண்டி, இந்த வழியில…"ன்னு வாயைத் தொறந்தேன். கண்ணாடியில என்னைப் பாத்தா. வாயை மூடிட்டேன். நான் வாயை மூடுனேன்னா அந்தப் பார்வை எப்படி இருந்திருக்கும்னு நீயே பாத்துக்கோ.

ரெண்டாவது வளைவு திரும்புனோம். நின்னுச்சு. ரோட்டுக்கு நடுவுல, கறுப்பா, காரை விடப் பெருசா. மிஸ்டுக்குள்ள கொம்பு மட்டும் வெள்ளையாத் தெரியுது.

அவ லைட்டை அணைச்சா. ஏத்தத்துலயே நிறுத்திக் கைப் பிரேக்கு, கால் பிரேக்கு ரெண்டையும் போட்டா. வலது பக்கம் பள்ளம். இடது பக்கம் தேயிலை மேடு.

"அண்ணா, ஹாரன் அடிக்கக் கூடாது. கதவைத் தொறக்கக் கூடாது. அசையாம இரு. அதுவா போயிரும்." ரொம்ப மெதுவாச் சொன்னா. நம்ம மலையில எல்லாரும் அப்படித்தான். அதோட ரோடு அது, நாமதான் ஒறம்பற, வந்துட்டுப் போற விருந்தாளி.

"எவ்வளவு நேரம்?"

"அதுக்குப் போகத் தோணற வரைக்கும்."

நின்னோம். மாடு நின்னுச்சு. வைப்பரு கூட ஓடலை. எனக்கு இருமல் வருது, சேலையக் கடிச்சுட்டேன். அந்நேரம் பாத்து அம்மாளுக்கு இழுப்பு வந்துருச்சு. கிர்ருகிர்ருன்னு. மருந்தை வாயில அடிச்சு உறிஞ்சுனாங்க, நிக்கலை. அண்ணன் திரும்பிப் பாத்தான். அவன் மொகம் வெளுத்துப்போச்சு. அவனுக்கும் அம்மாதானே.

"அம்மாவுக்கு மூச்சு முட்டுது, நீ மாட்டுக்கு மரியாதை பண்ணிட்டிருக்கே!"ன்னு எட்டி ஹாரனை அமுக்கிட்டான்.

அந்த மலை முழுக்க அந்த ஹாரன் ஒண்ணுதான் கேட்டுச்சு. மாடு தலையத் தூக்குச்சு. புஸ்ஸுன்னு ஒரு மூச்சு. எறங்க ஆரம்பிச்சுச்சு, எங்களைப் பாத்து.

அடுத்து நடந்ததை நான் கண்ணாரப் பாத்தேன். அவன் கதவைத் தொறந்தான், எறங்குனான், மேட்டுல தேயிலைக்குள்ள ஏறி ஓடுனான். யாரையும் திரும்பிப் பாக்கலை. போயிட்டான்.

கதவு தொறந்து கெடக்குது. சாரல் உள்ள அடிக்குது. மாடு இன்னும் எறங்குது. டீச்சரு கதவைப் புடிக்க எட்டுனா. பிரேக்குல இருந்த காலு லேசாத் தூக்குச்சு, காரு பின்னால ஒரு நகர்வு நகர்ந்துச்சு. பின்னால நான் கனமா உக்காந்திருக்கறேனே, கைப் பிரேக்கு என்ன பண்ணும்? டக்குனு காலை அமுக்குனா. காலை எடுத்தா காரு சறுக்குது, எடுக்கலைனா கதவு எட்டலை.

அப்ப அந்தம்மா, மூச்சுக்குத் தவிச்சுட்டிருந்த அந்தம்மா, கைத்தடியத் திருப்பிப் புடிச்சு, சீட்டுக்கும் கதவுக்கும் நடுவுல விட்டு, வளைஞ்ச புடியால கதவைக் கொக்கி போட்டாங்க. ஏத்தத்துல நிக்கற காருக்குக் கதவு தானா சாத்த வரும், படார்னு. படார்னு சாத்தியிருந்தா மாடு மெரண்டிருக்கும், நாங்க பள்ளத்துல. அந்தம்மா கதவைத் தடியிலயே தாங்கித் தாங்கி, தூங்கற குழந்தையத் தொட்டில்ல போடறாப்ல, மெல்லக் கொண்டாந்து சாத்துனாங்க. இழுப்பு சத்தம் கூட இல்லை. அவ்வளவு நேரமும் மூச்சைப் புடிச்சுட்டிருந்தாங்க, மூச்சே இல்லாத மனுஷி.

மாடு வந்துச்சு. மூக்கை வெச்சு முன்கண்ணாடிய மோந்துச்சு, கண்ணாடியே ஆவியாப் போச்சு. அப்புறம் அந்தக் கதவோரமாவே ஒரசிட்டு எறங்குச்சு. காரு ஒருக்கா ஆடுச்சு. பின்னால திரும்பிப் பாக்கற தைரியம் எனக்கில்லை. சத்தம் கேட்டுச்சு, கீழ தேயிலைக்குள்ள செடி முறியற சத்தம். அப்புறம் அதுவும் இல்லை.

ரொம்ப நேரம் கழிச்சு மேட்டுல இருந்து அவன் எறங்கி வந்தான். பேன்ட்டு கிழிஞ்சு, ஒரு செருப்பைக் காணோம், காலெல்லாம் அட்டை. கதவுகிட்ட வந்து நிக்கறான், ஏறலை. அம்மாதான் கண்ணாடிய எறக்கி, "ஏறுடா தம்பி, நனையாதே"ன்னாங்க. முழுசாச் சொன்னாங்க, கை ஆட்டாம.

ஊட்டுக்கு வந்ததும் அந்தம்மா உப்பை எடுத்துட்டு வந்து அவன் கால்ல வெச்சு ஒவ்வொரு அட்டையா எடுத்தாங்க. அவன் அம்மா தலையவே பாத்துட்டிருந்தான். கடைசியா யாரையும் பாக்காம, "காரு நல்லாத்தான் ஏறுது. இங்கயே இருங்க"ன்னான். காலையில முதல் பஸ்ஸுல போயிட்டான்.

அவன் போனதும் நான் அவளைப் புடிச்சேன். "ஏண்டி, பஸ்ஸு ஓடற ரோடு இருக்கறப்ப அந்த வழியில எதுக்குடி வந்தே? மாடு நிக்கும்னு தெரியாதா உனக்கு? அம்மாளை வேற வெச்சுக்கிட்டு!"

காரைத் தொடைச்சுட்டே சொன்னா. "அம்மாவை வெக்காம அந்தப் பரீச்சைய எப்படி அம்மிச்சி வெக்கறது?"

"நானு? என்னை எதுக்குடி ஏத்துனே?"

"சாட்சி வேணுமே."

கொஞ்ச நாள் அவ கையால டீ குடிக்கலை நான். பாவின்னும் தோணும். மறுநாளே அம்மாளைக் கைத்தாங்கலா காருல ஏத்தி, கல்லறைக்குப் பூ வெக்கக் கூட்டிட்டுப் போறதைப் பாத்தா, அடிக்கத் தூக்குன கை தானா எறங்கிரும். இன்னைக்கு வரைக்கும் அவளை எதுல சேக்கறதுன்னு எனக்குத் தெரியலை. ஆனா மாடு வந்த அன்னைக்கு ராத்திரியே அந்தம்மா என்ற கையப் புடிச்சு ஒருக்கா அமுக்குனாங்க. எதுக்குன்னு புரிஞ்சுச்சு, புள்ளை மானம் போகக்கூடாது. பெத்தவங்க.

அடுத்த நாள் எலை நிறுக்கற எடத்துல பொம்பளைங்கெல்லாம் என்னைச் சுத்திக்கிட்டாங்க. சேதி எப்படியோ போயிருச்சு. "அம்மிச்சி, அண்ணங்காரன் ஓடிப்போயிட்டானாமே?"ன்னு ஒருத்தி ஆரம்பிச்சா.

"யாருடி சொன்னது? ஓடுனானா? மாட்டைத் தன் பக்கம் இழுத்துட்டு மேட்டுல ஏறுனான்டி! அவன் எறங்கலைனா இன்னைக்கு நாங்க மூணு பேரும் பள்ளத்துல, நீங்க என்ற ஊட்டுல ஒப்பாரி வெச்சுட்டு இருப்பீங்க. அப்பேர்ப்பட்ட புள்ளை!"

அப்புறம் ஒருத்தி மெதுவா, "அது சரிங்க அம்மிச்சி, புதுக் காரு எப்படி இருக்குது?"ன்னா.

"எல்லாம் நல்லாத்தான் இருக்குது கண்ணு"ன்னேன். "அந்த இடது பக்கத்து முன்கதவுதான் கொஞ்சம் சீக்கிரமாத் தொறந்துக்குது."